ராம்நாட்ல இருந்துக்கிட்டே மின்சாரம், கிளைமேட் சட்டத்துல வக்கீலா வர முடியுமா?

கரைவலை: வணக்கம். போன வருசம் என்ரோல் பண்ணேன், ராமநாதபுரம் கோர்ட்ல சீனியர்ட்ட ஜூனியரா இருக்கேன், பூராவும் பாகப்பிரிவினை, செக் கேஸ், ஜாமீன் மனு தான். மனசு எனர்ஜி, கிளைமேட் சட்டத்துல கெடக்கு. அப்பாவுக்கு நாட்டுப்படகு. இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் கமுதில 648 மெகாவாட் சோலார், ரெண்டுக்கும் நடுவுல வளந்தவன். சென்னைக்குப் போனா தான் வேலையா? எதப் படிக்கலாம்?

சென்னைஅக்கா: தம்பி, நான் சுற்றுச்சூழல் வழக்கு பாக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல ப்ராக்டிஸ் பண்றேன். அதோட 2010 சட்டம் 16-ம் பிரிவ மொதல்ல படிங்க. சுற்றுச்சூழல் அனுமதிய எதிர்த்து அப்பீல் போட 30 நாள், காரணம் காட்டுனா இன்னும் 60 நாள், அவ்வளவு தான். ஒருக்கா உங்க பக்கம் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க மூணு பேர் வந்தாங்க, பாலிதீன் பைக்குள்ள அனுமதிக் கடித ஜெராக்ஸ், உப்புத்தண்ணி பட்டு மையெல்லாம் கலைஞ்சு போயிருந்துச்சு, தேதி மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. 90 நாள் தாண்டி நாலு நாள் ஆயிருச்சு. என்னால ஒண்ணுமே செய்ய முடியல, இன்னும் மனசு ஆறல. ஊர்லயே ஒரு வக்கீல் இருந்திருந்தா அந்த நாலு நாள் போயிருக்காது. நீங்க அங்கயே இருங்க.

கண்மாய்மேடு: நம்மூர்ல சோலார் குத்தகைப் பத்திரம் பாக்கவே ஆள் இல்ல தம்பி. பட்டா தாத்தா பேர்ல இருக்கும், வாரிசு ஏழு பேர், கையெழுத்து ரெண்டு பேரு. கம்பெனி கை மாறுனா வாடகைய யாரு குடுப்பா, கடைசில தகட்ட யாரு கழட்டுவான்னு ஒரு வரி இருக்காது. சர்வே நம்பரோட நில எல்லை காட்டுற புலப்படத்த கையில வச்சுக்கிட்டு காட்டுல நடந்து பாருங்க, கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால் வேலிக்குள்ள போயிருக்கும். 2003 மின்சாரச் சட்டம், 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ரெண்டும் கண்டிப்பாப் படிங்க. வருமானம் மெதுவாத்தான் வரும், சிவில் கேஸ விட்டுறாதீங்க.

கானமயில்: 2024 ரஞ்சித்சிங் தீர்ப்பையும் படிங்க. பருவநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து காக்கப்படுறது அரசியலமைப்போட 14, 21-ம் பிரிவு உரிமைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது அதுல தான், ஆனா வழக்கே அழிஞ்சுக்கிட்டு வர்ற கானமயில்ங்குற பறவைக்கும் சோலார் மின்கம்பிக்கும் நடுவுல. சோலார்னா எல்லாம் நல்லதுன்னு முடிவு பண்ணிட்டு இந்த வேலைக்கு வந்துறாதீங்க.

கரைவலை: அக்கா, அந்த 30 நாள் எப்ப இருந்து கணக்கு?

சென்னைஅக்கா: உத்தரவு தெரிய வந்த நாள்ல இருந்து. திட்டக்காரங்க உள்ளூர் பேப்பர் ரெண்டுல விளம்பரம் குடுக்கணும், அதுல இருந்தே நாள எண்ணிருவாங்க. டீக்கடையில பாத்தா அந்தப் பக்கத்த தேதியோட கிழிச்சு வாங்கி வச்சுக்கங்க.