தீப்பிடித்த பூர்வீக வீடு: கரிந்த உத்தரங்களை அகற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
என் கொள்ளுத்தாத்தா கட்டி, நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டில் நேற்று முன்தினம் தீப்பிடித்து, அரைமணி நேரம் எரிந்த பின்னரே அணைக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. கூடத்தின் மர உத்தரங்கள் கன்னங்கரேலெனக் கரிந்துவிட்டன. சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் தீயணைப்பு நீரில் ஊறிக் கிடக்கின்றன. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் முழுவதையும் இடித்துவிடச் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அப்பா யாரிடமும் பேசவில்லை. எதையாவது மீட்க முடியுமா?

பதில் 1:
அவசரப்பட்டு இடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கனமான மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர் ஆழமே கரியும். அந்தக் கரியே உள்மரத்தை வெப்பத்திலிருந்து காக்கும் போர்வையாகிவிடும். அரைமணி நேரத் தீயென்றால் தீப்பட்ட ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 20 மில்லிமீட்டர் போயிருக்கலாம்; அதற்கடுத்த 7 மில்லிமீட்டரையும் வலுவற்றதாகவே கணக்கிடுவது வழக்கம். 250 மில்லிமீட்டர் அகல உத்தரத்தின் இரு பக்கமும் எரிந்திருந்தாலும் 190 மில்லிமீட்டருக்கு மேல் நல்ல மரம் எஞ்சும். அது சுமையைத் தாங்குமா என்பதைப் பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர், கரியைச் சுரண்டி அளந்து சொல்லட்டும். இரும்பு ஆணியும் பட்டையும் வெப்பத்தை உள்ளே கடத்துவதால், இணைப்புகளையும் சுவருக்குள் செருகிய முனைகளையும் அவசியம் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை முட்டுக்கொடுக்காமல் ஒருவரும் கூடத்துக்குள் நுழைய வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சுவரைப் பற்றி ஒன்று: ஈரம் காயுமுன் சிமெண்ட் பூசிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டு, மரமுனைகள் உளுத்துப்போகும். கதவு, சன்னல்களைத் திறந்து வைத்து, அனல் மூட்டாமல், மாதக்கணக்கானாலும் மெல்லக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூசுங்கள். புகைக்கரியை ஈரத்துணியால் துடைத்தால் அது சுவருக்குள் இறங்கிவிடும்.

கேட்டவர்:
இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் உத்தரங்களின் பழைய அளவுக்குறிப்பைத் தேடுகிறார். நனைந்த பத்திரங்களும் புகைப்படங்களும் ஒரு பெட்டியில் உள்ளன.

பதில் 3:
நனைந்த தாளில் இரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஒட்டியவற்றைப் பிரிக்க முயலாமல் பாலித்தீனில் சுற்றி இன்றே உறைபெட்டியில் வையுங்கள். நிதானமாகக் காயவைக்க அவகாசம் கிடைக்கும். கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றை மட்டும் உறையவைக்காமல் காற்றாடக் காயவிடுங்கள்.