சீஸ் மூலிகை உப்பு பிஸ்கட்: நமத்துப் போகாமல், கசக்காமல் சுட (பேசுபவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்)

தாம்பரம்:

சீஸ் போட்ட கார பிஸ்கட்டுக்கு அளவு மட்டும் கேட்கிறார்கள் பலர். அளவைவிட முக்கியம் தண்ணீர்க் கணக்கு. மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். சீஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த ஈரம் அடுப்பிலேயே வெளியேறிவிட்டால் பிஸ்கட் மொறுமொறு. உள்ளேயே தங்கிவிட்டால் மறுநாள் காலையில் நமத்துவிடும்.

கடினமான செடார் வகைக்கு அளவு: மைதா 130 கிராம், வெண்ணெய் 100, பொடியாகத் துருவிய சீஸ் 100, கொரகொரப்பாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், கடுகுப்பொடி அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன். உலர்ந்த மூலிகையென்றால் ஒன்றரை டீஸ்பூன். பச்சையாக இருந்தால் பொடியாக நறுக்கி ஒன்றரை டேபிள்ஸ்பூன். கடுகுப்பொடியைத் தேவையில்லாதது என்று விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் சீஸ் பிஸ்கட்டுக்கு அது காலங்காலமாகப் போடுவது. கடுகு தனியாகத் தெரியாது, சீஸின் ருசிதான் எடுப்பாகத் தெரியும். பேக்கிங் பவுடர் வேண்டாம். இந்த அளவு வெண்ணெய்க்கே பிஸ்கட் உதிரும் பதத்தில் வரும்.

வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுக்கு வெட்டி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மைதாவோடு விரல் நுனியால் பிசிறுங்கள். உள்ளங்கை படக்கூடாது, அந்தச் சூட்டுக்கே உருகிவிடும். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதன்பிறகு சீஸும் மற்றவையும் சேர்த்து அழுத்தி ஒன்றுகூட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் மைதாவின் பசை இறுகி, பிஸ்கட் கடிக்க முடியாமல் போகும். ஒன்று சேரவே மறுத்தால் குளிர்ந்த பால் ஒரு டீஸ்பூன், அதிகம் போனால் இரண்டு.

4 செ.மீ. குறுக்களவில் உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். முதல் முக்கால் மணி நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை உருளையைத் திருப்பி வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகாது. 6 மி.மீ. கனத்தில் வெட்டி, 170 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம். 35 முதல் 40 பிஸ்கட் வரை வரும்.

ஈரோடு:

தாம்பரம் அக்கா கொடுத்த அளவு செடாருக்குச் சரி. நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது டப்பாவிலும் கட்டியாகவும் வரும் புராசஸ்டு சீஸ். அதை அதே அளவில் போட்டால் தோல்வி உறுதி. ஈரம் அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். இன்னொன்று, சீஸை உருக்கி ஒன்றாக்கும்போது சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்கிறார்கள். அவை கொழுப்பையும் தண்ணீரையும் புரதத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சாண்ட்விச்சில் எண்ணெய் பிரியாமல் உருக அதுதான் காரணம்; பிஸ்கட்டில் அதே குணம் எதிராக வேலை செய்கிறது. செடார் உருகி மாவோடு கலந்துவிடும். புராசஸ்டு சீஸ் அங்கங்கே துணுக்காக நின்று, நடுவில் ரப்பர் மாதிரி இழுக்கும்.

மாற்ற வேண்டியவை இவை. 90 கிராம் சீஸை மிகப் பொடியாகத் துருவி, அகலத் தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் நிறுத்துப் பார்த்து 80 கிராமுக்கு இறங்கியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இறங்கவில்லையென்றால் இன்னும் சில மணி நேரம். வெண்ணெயை 90 ஆகக் குறையுங்கள். மைதா 130 அப்படியே, அதோடு அரிசிமாவு 20 கிராம். முறுக்கு மாவுக்கு இருக்கும் மொறுமொறுப்பு இதிலும் வரும். வெட்டும் கனம் 5 மி.மீ. சூடு 160, நேரம் 20 முதல் 22 நிமிடம். நிறம் வருவதற்குள் ஈரம் போக வேண்டும் என்பதால்தான் சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுகிறோம்.

பாக்கெட்டில் துருவியே வரும் சீஸை இதற்கு வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்க மேலே மாவுச்சத்து தூவியிருப்பார்கள், மாவு சேராமல் உதிரும். மொசரெல்லாவில் ஈரமும் அதிகம், ருசியும் மிதம். பன்னீர் உருகவே உருகாது. கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்யும் முற்றிய, கடின வகைகள் கிடைத்தால் அவற்றுக்கு அக்கா சொன்ன அளவே பொருந்தும்.

நாகர்கோவில்:

மூலிகை பற்றி. ரோஸ்மேரி, தைம் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். தைம் இலைக்கு வாசம் தரும் தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. அரை டீஸ்பூன் ஓமத்தை உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் சீஸோடு அருமையாகச் சேரும். ஒரு டீஸ்பூன் போட்டால் மருந்து வாடை அடிக்கும், அளவு மீற வேண்டாம். கற்பூரவல்லிக்கு ஆரிகனோவின் மணம் உண்டு. ஆனால் அந்த இலை முழுக்கத் தண்ணீர். பச்சையாக நறுக்கிப் போட்டால் சுற்றியுள்ள மாவு களியாகும். நறுக்கிய இலையைத் துணியில் வைத்துப் பிழிந்து, 100 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்திய பிறகே சேர்க்க வேண்டும்.

கறிவேப்பிலையை நூல் மாதிரி அரியாவிட்டால் பல்லில் தோலாகச் சிக்கும். கொத்தமல்லியின் வாசம் அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் போய்விடும், நிறம்தான் மிஞ்சும். தண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் கொஞ்சம் நிற்கும். சோயிக்கீரை (டில்) சீஸுக்கு நல்ல ஜோடி. துளசி கறுத்துவிடும். ரோஸ்மேரி ஊசி ஊசியாக இருப்பதால் உப்போடு சேர்த்து இடித்துப் போடுங்கள்.

எந்தப் பச்சை இலையானாலும் கழுவி, துணியில் ஒற்றி, மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம். நறுக்கும் பலகையில் பச்சைத் தண்ணீர் கசிந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

மாதவரம்:

கேள்வி ஒன்று. அளவெல்லாம் சரியாக எடுத்தும் தட்டில் எண்ணெய் கசிந்து, பிஸ்கட் வலை மாதிரி பரவி, ஓரம் கருகுகிறது. ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார அடுப்பு) 19 லிட்டர். டயலில் 170 தான் வைப்பது. எங்கே பிழை?

தாம்பரம்:

இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, வெட்டிய துண்டுகள் அடுப்புக்குப் போவதற்குள் இளகிவிட்டன. வெண்ணெய் 30 டிகிரியிலேயே குழைந்துவிடும், மே மாதச் சமையலறை அதைவிடச் சூடு. துண்டுகளை அடுக்கிய தட்டோடு கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, அப்படியே அடுப்புக்குள் தள்ளுங்கள். முதல் தட்டு வெந்து வந்ததும் அதே சூடான தட்டில் அடுத்த ஈட்டை அடுக்கக் கூடாது; வைத்த நிமிடமே அடி உருகத் தொடங்கிவிடும்.

இன்னொன்று அடுப்பு. சின்ன ஓடிஜிகளில் டயல் சொல்வதும் உள்ளே இருப்பதும் இருபது டிகிரி வேறுபடுவது சாதாரணம். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. வாங்கும் வரை சர்க்கரையை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரை வைத்து, முன்சூடான அடுப்பில், டயல் 175-இல் கால் மணி நேரம் விடுங்கள். உருகினால் உங்கள் அடுப்பு அதிகமாகச் சுடுகிறது. உருகவில்லையென்றால் 190-இல் இன்னொரு கால் மணி. அப்போதும் உருகாவிட்டால் சூடு குறைவு. குறைவான சூடும் ஆபத்துதான்: மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் முழுதும் உருகி வெளியே ஓடிவிடும். நீங்கள் சொல்லும் வலை அதனாலும் வரும்.

தட்டு நடுத்தட்டில், மேல் கீழ் இரண்டு ராடும் எரிய வேண்டும். முன்சூடு 15 நிமிடம் முழுதாக. சின்ன அடுப்பில் பின்பக்கம் சூடு கூடும், அதனால் ஒன்பதாவது நிமிடம் தட்டைத் திருப்பி வையுங்கள். காற்றாடி ஓடும் வகையென்றால் 15 முதல் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு:

நிறத்தை நம்பி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இனிப்பு பிஸ்கட் கொஞ்சம் கருஞ்சிவப்பானாலும் ருசிதான். சீஸ் அப்படியில்லை, பொன்னிறம் தாண்டினால் கசக்கும், அந்தக் கசப்பை எதைத் தூவியும் மறைக்க முடியாது. ஓரம் பொன்னிறம், நடு வெளிர்மஞ்சள் என்ற நிலையில் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறியபின்தான் மொறுமொறுப்பு வரும். அதற்குள் "வேகவில்லை" என்று திரும்ப உள்ளே தள்ளித்தான் பலர் கருக்குகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் தராசு சொல்லும். அடுக்கிய பச்சை மாவை நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மாவு வெந்து ஆறியதும் சுமார் 83, 84 கிராமுக்கு வர வேண்டும். 90-இல் நின்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. அப்போது நிறத்தை ஏற்றாமல் 120 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் உலர்த்துங்கள். மொறுமொறுப்பு பற்றி இவ்வளவு பேசினாலும் இந்த ஒரு நிறுவையைத்தான் யாரும் செய்வதில்லை.

மயிலாடுதுறை:

உப்பு. யாரும் தொடவில்லையே! அளவில் உப்பு இல்லாததைப் பார்த்து மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள். கடையில் வரும் மஞ்சள் வெண்ணெய் 100 கிராமில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது, சீஸில் தனியாக இருக்கிறது. உறையில் போட்டிருக்கும் சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். புராசஸ்டு சீஸுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஈரோடு சொன்ன சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளின் சோடியமும் அதில் அடங்கும். உப்பில்லா வெண்ணெய் போட்டால் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலே தூள் உப்பு.

வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால், மோர் போகும்வரை ஐஸ் தண்ணீரில் கழுவிப் பிழிந்து எடுங்கள். அதில் ஈரம் ஒருநாள்போல் ஒருநாள் இருக்காது. அதைவிட நெய்யே உறுதியானது. 100 கிராம் வெண்ணெய்க்கு 82 கிராம் உறைந்த நெய், ஒரு டேபிள்ஸ்பூன் பால். நான்கட்டாய் மாதிரி பொலபொலவென்று வரும், அடுக்கடுக்காக உடையாது.

சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜியானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது. வேறு வகை ரென்னெட் அதில் கிடையாது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாதவரம்:

சர்க்கரை 175-இலேயே உருகிவிட்டது. டயலை 150-க்கு இறக்கி, தட்டை ஃப்ரீசரில் வைத்துச் சுட்டதில் பரவவில்லை, ஓரமும் கருகவில்லை. இன்னொரு சந்தேகம்: கோதுமை மாவில் செய்யலாமா?

தாம்பரம்:

முழுக்க வேண்டாம்மா. மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கோதுமை மாவு போடலாம். தவிடு ஈரத்தை இழுப்பதால் பால் ஒரு டீஸ்பூன் கூட்டி, உருளையை ஃப்ரிட்ஜில் அரை நாள் விடுங்கள். ராகி என்றால் கால் பங்கு போதும். அதில் பசை இல்லாததால் கூடினால் உடையும். நிறமும் முதலிலேயே கருப்பாக இருப்பதால் வெந்ததைக் கண்ணால் சொல்ல முடியாது, அங்கே தராசுதான் துணை.

நாகர்கோவில்:

பெங்களூரு ஐயங்கார் பேக்கரி கார பிஸ்கட் பிடித்தவர்களுக்கு இதே மாவில் ஒரு வழி: சீஸை 60 கிராமாகக் குறைத்து, விதை நீக்கி நறுக்கிய பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, சீரகம் அரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், கெட்டித் தயிர் ஒரு டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன். 8 மி.மீ. கனத்தில் விரித்து வெட்டி, 170-இல் 18 முதல் 20 நிமிடம். சர்க்கரையை விட்டால் நிறம் வெளுத்துப் போகும்.

ஈரோடு:

எடுத்து வைப்பது பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பி வலையில் ஒரு மணி நேரம் முழுக்க ஆற வேண்டும். கொஞ்சம் சூடு இருக்கும்போது டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் நமத்துவிடும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் செடார் பிஸ்கட் ஒரு வாரம் பத்து நாள், புராசஸ்டு சீஸில் செய்தது ஐந்து நாள். மழைக்காலத்தில் அதிலும் குறைவு. நமத்திருந்தால் 140 டிகிரியில் ஆறு நிமிடம், ஆறியதும் பழையபடி மொறுக்கும். காறல் வாடை வந்துவிட்டால் சூடாக்கியும் பயனில்லை.

அதனால் ஒரேயடியாகச் சுட்டு அடுக்காமல், உருளையாக உருட்டிய மாவை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் தாங்கும். வேண்டும்போது எடுத்து பத்து நிமிடம் வெளியே வைத்து, கத்தி இறங்கும் பதம் வந்ததும் வேண்டிய அளவு மட்டும் வெட்டி, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். மீதியை அப்போதே சுற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். முழுக்க இளகவிட்டு மறுபடி உறைய வைத்தால் தண்ணீர் பிரிந்து மாவு பிசுபிசுக்கும்.