மறு: ஷர்ட்வெயிஸ்ட் – தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

1904 நியூயார்க்கில் நடக்கும் சிறுவர் கதையைத் தமிழாக்கும்போது, அன்றைய பெண்கள் அணிந்த 'ஷர்ட்வெயிஸ்ட்' என்ற மேலுடைக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> நேரடியாக 'இடைச்சட்டை' என்று வைத்துவிடலாமே?

வைத்தால் பொருள் மாறிவிடும். அன்றைய அமெரிக்கப் பேச்சில் 'வெயிஸ்ட்' என்பது இடுப்பை மட்டும் குறிக்கவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை பெண்கள் அணிந்த மேலுடைக்கும் அதுவே பெயர். அந்த மேலுடையை ஆண்களின் சட்டைபோலத் தைத்தால் ஷர்ட்வெயிஸ்ட். 'இடைச்சட்டை' என்று படிக்கும் பிள்ளை இடுப்பில் கட்டும் ஏதோ ஒன்றைத்தான் நினைக்கும்.

ரவிக்கையும் சரிவராது. நம் ரவிக்கை இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. இதையோ நீளப் பாவாடைக்குள் செருகிக்கொள்வார்கள். முல்லைப்பாட்டிலிருந்து 'மெய்ப்பை'யை (உடலை மூடும் சட்டை) எடுத்துத் தந்த ஐயாவுக்கு நன்றி, அருமையான சொல். ஆனால் அங்கே அதை அணிந்து நிற்பவர்கள் முரட்டு யவனர்கள். 1904இல் நியூயார்க் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் கதையின் சித்திக்கு அதை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: காலர்ச்சட்டை.

அந்தக் கால அமெரிக்க ஓவியர் சார்லஸ் டேனா கிப்சன் வரைந்த பெண்களைப் பாருங்கள். தூக்கிக் கட்டிய கொண்டை, நிமிர்ந்த கழுத்து, ஆண்களிடமிருந்து வாங்கிப் போட்டதுபோல விறைப்பான காலர். (உள்ளே கார்செட் என்ற இடுப்பை இறுக்கும் உள்ளுடை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு கதை.)

> காலர் எதற்கு? கழுத்துப்பட்டி இருக்கிறதே?

கழுத்துப்பட்டியை டைக்கும் எழுதுகிறார்களே. இந்தச் சட்டையோடு டை கட்டிய பெண்களும் உண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் சட்டை என்றால் சிறுமியின் கவுன், ஆண்கள் போடுவது சேட் என்று தோழி சொன்னது நியாயம். ஆனாலும் சொல் உடையவில்லை. அவர்களுக்கு இது பெண்ணுடையில் காலர் ஏறியது. நமக்கு ஆணுடை பெண்ணிடம் போனது. வரலாற்றுப்படி இரண்டுமே சரி.

இன்னொன்று. அந்தக் காலத்தைச் சொல்லும் சிறுவர் கதைகளில் பெரும்பாலும் ஒரு பணக்காரச் சிறுமியும் ஒரு ஏழைச் சிறுமியும் வருவார்கள். ஒருத்தியின் வீட்டில் இதை உடுத்துவார்கள், மற்றவளின் அக்கா ஆலையில் இதைத் தைப்பாள். 1909 நவம்பரில் நியூயார்க்கில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 20,000 பேர் தைத்ததும் இதைத்தான். 1911 மார்ச் 25 அன்று அங்கே இதே சட்டையைத் தைத்த ட்ரயாங்கிள் ஆலை எரிந்தபோது ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். ஆகவே நாகரிக உடைக்கு ஒரு சொல், ஆலைக்கு வேறு சொல் என்று பிரிக்க வேண்டாம். 'காலர்ச்சட்டை ஆலை' என்றே எழுதலாம்.

அப்புறம், ஹாபிள் ஸ்கர்ட்டுக்கு (நடக்கவே சிரமப்படும்படி கீழே குறுகிய நீளப் பாவாடை) வந்த 'தளைப்பாவாடை' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது பரவியது 1910 வாக்கில்தான். 1904 கதையில் யாருக்காவது அதை உடுத்தியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.