மறு: ஆத்தென்டிகேஷனுக்கு ‘அங்கீகாரம்’ பொருந்துமா?

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, வணக்கம். டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) புதிதாக நிறுவி மரியாடிபி (தரவுத்தள மென்பொருள்) போட்டதும் வரும் பிழைகளுக்குத் தமிழ்க் குறிப்பு எழுதுகையில் ஓரிடத்தில் முட்டுகிறது. ஆத்தென்டிகேஷன் (வந்தவர் யாரென்று உறுதிசெய்வது), ஆத்தரைசேஷன் (அவர் எதைச் செய்யலாம் என்று அனுமதிப்பது) இரண்டுக்குமே ‘அங்கீகாரம்’ என்று எழுதி வருகிறோம். பிரிவிலெஜுக்கு, அதாவது ஒரு பயனருக்குத் தரும் அனுமதிக்கு, ‘சலுகை’. ‘அங்கீகாரம் மறுக்கப்பட்டது’ என்று படிப்பவர் எதைத் திருத்துவார்? ‘சான்றுறுதி’, ‘அதிகாரமளிப்பு’ என்று பிரிக்கலாமா? போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், லினக்ஸ் பயனர் பெயரை வைத்தே உள்ளே விடும் ‘பியர்’ முறைக்கு ‘இணையர் சான்றுறுதி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

தம்பி, பிரிக்கத்தான் வேண்டும். வில்லேஜ் ஆபீசில் வந்த ஆள் யாரென்று பார்ப்பது ஒரு வேலை, வயல் அவர் பேரில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. சர்வரும் இந்த வரிசையில்தான் பார்க்கிறது. முதலாவதற்கு ‘ஆளறிதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘ஆளறியாம கதவத் திறக்காத’ என்றால் நம் பக்கம் யாருக்கும் விளங்கும், மலையாளம் படித்த பிள்ளைகளுக்கும் விளங்கும். இரண்டாவதற்கு ‘உரிமை’ போதும். சலுகை என்றால் பஸ் கட்டணத்தில் குறைப்பதுபோல ஆகிவிடுகிறது. ‘அவகாசம்’ வேண்டவே வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் அது உரிமை, மதுரையில் படிப்பவருக்கு அது கால நீட்டிப்பு.

மரியாடிபியின் பிழை எண்களில் இந்தப் பிரிவு எப்படி நிற்கிறது பாருங்கள். 2002, 2003 வந்தால் சர்வரை இன்னும் எட்டவே இல்லை; சர்வர் ஓடவில்லை, அல்லது பைண்ட் அட்ரஸ் (சர்வர் காத்திருக்கும் முகவரி) அதே மெஷினைக் குறிக்கும் 127.0.0.1 ஆக இருப்பதால் வெளி மெஷினுக்கு 3306 என்ற போர்ட் திறக்கவில்லை. 1045, 1130, 1698 மூன்றும் ஆளறிதலில் தவறியவை. 1044, 1142 வந்தால் ஆளை அறிந்தாயிற்று, உரிமைதான் இல்லை. ஆங்கிலத்தில் 1044, 1045, 1698 மூன்றுமே ‘ஆக்சஸ் டினைட்’ என்றுதான் தொடங்கும். கிராண்ட் (உரிமை தரும் கட்டளை) கொடுக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு பிள்ளைகள் அரைநாள் தொலைப்பது அதனால்தான். தமிழில் இரண்டு சொல் வைத்தால் அந்தக் குழப்பத்தைப் பிழைச்செய்தியிலேயே தீர்த்துவிடலாம்.

1698 தனியாக விளக்கம் கேட்கும். மரியாடிபி 10.4 முதல் ரூட் என்ற தலைமைப் பயனர் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் நிரல்கள் பேசும் வழி) வழியே நுழைவதுதான் இயல்பு அமைப்பு. அங்கே கடவுச்சொல் கேட்பதில்லை. மறுமுனையில் இருப்பது இன்ன லினக்ஸ் பயனர் என்று லினக்ஸின் கருனியே (கெர்னல்) சொல்கிறது. ரூட்டாக இயக்கும் ‘சூடோ மரியாடிபி’ கட்டளை என்றால் உள்ளே விடும், சாதாரணப் பயனராக ரூட் பெயர் சொன்னால் 1698. ரூட்டைக் கடவுச்சொல் முறைக்கு மாற்றச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம். செயலிக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அதன் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுப்பதே சரி. கிராண்ட் கட்டளைக்குப் பின் உரிமைகளை மறுபடி ஏற்றும் ஃப்ளஷ் பிரிவிலெஜஸ் தேவையில்லை. உரிமை அட்டவணைகளை நேரே கைவைத்துத் திருத்தினால்தான் அது வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் பியரும் இதே வகைதான். ‘இணையர்’ என்றால் கணவன் மனைவியா, இணையத்தில் இருப்பவரா என்று படிப்பவர் தயங்குவார். ‘முகமறிதல்’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் போனில் முகம் காட்டித் திறப்பதற்கு அது போய்விட்டது. ‘உள்ளூர் ஆளறிதல்’ என்று வைப்போம். உள்ளூர்க்காரரிடம் அடையாள அட்டை கேட்பதில்லை.

செங்கோட்டையிலிருந்து:

ஆளறிதல் எனக்குச் சம்மதம் அண்ணாச்சி. ‘உள்ளூர்’ மட்டும் உறுத்துகிறது. 127.0.0.1 கூட அதே மெஷின்தானே? அங்கே பியர் செல்லாது.

மார்த்தாண்டத்திலிருந்து:

நியாயமான கேள்வி. ஆனால் யாரை எந்த முறையில் விடுவது என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பில் ‘லோக்கல்’ என்று தொடங்கும் வரி சாக்கெட்டை மட்டுமே குறிக்கும்; 127.0.0.1 ‘ஹோஸ்ட்’ வரியில் வரும். அவர்கள் வைத்த பொருளும் நம் ‘உள்ளூர்’ என்பதும் ஒன்றாகவே பொருந்துகின்றன. அதனால்தான் இணைக்கும் கட்டளையில் ‘மைனஸ் எச் 127.0.0.1’ சேர்த்ததும் பியர் பிழை மறைந்து கடவுச்சொல் கேட்கிறது. அந்தக் கோப்பில் முதலில் பொருந்தும் வரியே செல்லும், தவறினால் அடுத்த வரிக்கு இறங்காது என்பதையும் குறிப்பில் சேருங்கள். புதிய வரியைக் கடைசியில் ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம். திருத்தியபின் ரீலோட் (கோப்பை மறுபடி படிக்கச் செய்வது) போதும்.

உரிமைப் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்தின் பப்ளிக் ஸ்கீமாவில் (அட்டவணைகள் இயல்பாகப் போய்ச் சேரும் பகுதி) எல்லாருக்கும் அட்டவணை உருவாக்கும் உரிமை கிடையாது. நுழைந்துவிட்டு, முதல் அட்டவணையிலேயே ‘பெர்மிஷன் டினைட்’ வாங்குவார்கள். தரவுத்தளத்தின் உரிமையாளராக அந்தப் பயனரையே ஆக்கினால் சரியாகிவிடும்.

செங்கோட்டையிலிருந்து:

சரி அண்ணாச்சி. 1045க்கு ‘ஆளறிதல் தவறியது’, 1044க்கு ‘இத்தரவுத்தளத்தில் உரிமை இல்லை’ என்று மாற்றுகிறேன். கிராண்டுக்கு ‘உரிமை வழங்கு’. கொடுத்ததைப் பறிக்கும் ரிவோக்குக்கு ‘உரிமை நீக்கு’ என்றால் டிலீட்டோடு மோதுகிறது. ‘திரும்பப் பெறு’ என்று போடட்டுமா?

மார்த்தாண்டத்திலிருந்து:

‘உரிமை திரும்பப் பெறு’ என்றே போடுங்கள் தம்பி. நீளமானாலும் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை.