புதுப்பிப்பு: அப்பாவின் பிரஷரும் மூன்று மருந்துக் குளிசையும்

அப்பாவுக்கு பிரஷர் இறங்கமாட்டேங்குது, அதற்குக் கொடுக்கும் அம்லோடிபின் மருந்தைக் கூட்டினால் கால் வீங்குது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்று மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்த குளிசை பற்றி ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஹட்டனில் டாக்டரிடம் அதையே கேட்டேன்.

அந்தக் குளிசையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு நடந்ததே இலங்கையில்தானாம்! 700 பேர். டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றும் பாதி அளவில், ஒரே குளிசையாக. ஆறு மாதத்தில் 70 சதவீதம் பேருக்கு பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55. 2018இல் வெளியானது. ஒரே மருந்தை முழு அளவுக்கு ஏற்றினால் பக்கவிளைவு ஏறும் அளவுக்குப் பலன் ஏறாது. வெவ்வேறு வழியில் வேலை செய்கிற மூன்றைச் சிறிதாகக் கொடுப்பதன் கணக்கு அதுதான். மாரடைப்பு, பாரிசவாதம் இரண்டுக்கும் பிரஷர்தானே பெரிய வாசல்.

அப்பாவுக்கு அம்லோடிபினைப் பாதியாக்கி, டெல்மிசார்டனைத் தனியாக எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்துவிட்டது. மேல் பிரஷர் இப்போது 140க்குக் கீழே.

சாதா உப்புக்குப் பதிலாகப் போடும் பொட்டாசியம் உப்பு வாங்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: டெல்மிசார்டன் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். நாங்கள் சாதா உப்பையே குறைத்தோம். ரொட்டி மாவில் குறைத்தது அப்பாவுக்குத் தெரியவே இல்லை, கருவாட்டில்தான் சண்டை.

வெற்றிலையோடு போடும் புகையிலையை மட்டும் இன்னும் விடவில்லை மனுஷன்.