'கடல் உள்வாங்கியது': சுனாமிக்கு மட்டும் ஒரு தனிச்சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

சுனாமிக்கு ஆழிப்பேரலை, கடற்கோள் என்று சொற்கள் வந்துவிட்டன. ஆனால் பேரலை பாயுமுன் கடல் விறுவிறுவென்று வற்றுகிறதே, அதற்குத் தனிச்சொல் இல்லை. எல்லோரும் 'உள்வாங்கியது' என்றே எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்தில் இதனால் ஆபத்து இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது' என்று அடிக்கடி செய்தி வரும். கோயிலுக்கு வந்தவர்கள் பச்சைப்பாசி படிந்த பாறைமேல் ஏறிப் படம் எடுப்பார்கள். பிள்ளைகள் சிப்பி பொறுக்கும். ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது வெறும் ஓதம், கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. ஆறு மணி நேரம்போல மெல்ல இறங்கும், இறக்கமும் ஒரு மீட்டர் அளவுதான். கரை சாய்வில்லாத இடத்தில் அதுவே வெகுதூரம் வற்றியதாகத் தெரியும். சுனாமியில் இதே காட்சி சில நிமிடங்களில் வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அன்றைக்கும் பிள்ளைகள் சிப்பி பொறுக்கத்தான் இறங்கும்.

சுமத்ராவை ஒட்டிய சிமலுவே தீவில் சுனாமிக்கு 'ஸ்மோங்' என்று ஒரு சொல் உண்டு. 1907-ல் அங்கே சுனாமி அடித்துப் பெருஞ்சாவு. அதன்பின் நிலம் பலமாக ஆடி, கடலும் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்று தாத்தா பாட்டிமார் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், சுமார் 78,000 பேரில் இறந்தவர் 7 பேர். எங்கள் கரையில் உள்ள உவரிக்கும் கூத்தங்குழிக்கும் அந்த மையம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஓடவைக்கும் அளவுக்குத் தரை ஆடாது. ஆகவே கரையில் நிற்பவனுக்குக் கடல்தான் அடையாளம் காட்டவேண்டும்.

சொல் தாருங்கள்.

---

மறுமொழி:

அண்ணாச்சி, 'முன்வற்றம்' எப்படி? ஏற்றவற்றம் என்பது ஓதத்துக்குப் பழைய சொல்தானே. அலைக்கு முன் வருவதால் 'முன்' சேர்த்தேன். சின்னச் சொல், அறிவிப்புப் பலகையிலும் அடங்கும்.

---

மறுமொழி:

தம்பி, 'வற்றம்' அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். 'முன்' மட்டும் வேண்டாம் என்கிறேன்.

2004-ல் கடலடித் தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் முதலில் கடல் வற்றியது. இந்தியா, இலங்கைப் பக்கம் முதலில் வந்ததே ஏற்றம். இலங்கைக் கரையில் பல இடங்களில் முதல் அலை சிறியது. அது திரும்பியபின் கடல் வெகுதூரம் வற்றி, அதற்கப்புறம்தான் பெரிய அலை வந்தது. 'முன்வற்றம்' என்று படித்தவன், அலைதான் வந்துபோய்விட்டதே, இனி என்ன என்று வள்ளத்தையும் வலையையும் பார்க்க இறங்கிவிடுவான். நம் கரைக்கு அந்த 'முன்' உயிருக்கே உலை.

என் முன்மொழிவு: சாதாரண நாளில் நடப்பது 'ஓதவற்றம்', சுனாமியில் நடப்பது 'பேரலைவற்றம்'. இரண்டையும் இணையாக வைத்தால் செய்தியாளரும் 'திருச்செந்தூரில் ஓதவற்றம்' என்று எழுதலாம், யாரும் பதறவேண்டியதில்லை. மற்றதைக் கேட்டால் ஓடவேண்டும்.

விளக்கம் இப்படி இருக்கட்டும்: 'பேரலைவற்றம்: சுனாமியின் தாழ்பகுதி கரையை எட்டும்போது கடல் சில நிமிடங்களில் பின்வாங்கிக் கடலடி வெளித்தெரிவது. முதல் அலைக்கு முன்னும் வரும், இரண்டு அலைகளுக்கு நடுவிலும் வரும். சில கரைகளில் வராமலே பேரலை பாயும்.' கடைசி வரியை இடம் போதவில்லை என்று யாரும் வெட்டிவிடாதீர்கள். ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-லிருந்து இயங்குகிறது, கடல் வற்றாவிட்டாலும் அறிவிப்பு வந்தால் மேடேற வேண்டியதுதான்.

இடிந்தகரை, கூட்டப்புளி, பெருமணல் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் அங்கே பெரியவர்களிடம் 'பேரலவத்தம்' என்று சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எப்படி வருகிறது என்று எழுதுங்கள். அதைவிட நல்ல சொல் அவர்களிடம் இருந்தால் என்னுடையதை விட்டுவிடலாம்.