ஆளில்லாமல் சுட்ட துப்பாக்கி: கல்லிப்போலி பற்றி ஒரு சந்தேகம்

மெல்பர்ன் அம்மா:
மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஏப்ரல் 25, போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் தினத்துக்காக ஒரு மாதிரி செய்ய வேண்டுமாம். முதல் உலகப் போரில், 1915-இல் ஆஸ்திரேலியப் படை துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்தை விட்டுக் கிளம்பியபோது, தானாகவே சுடும் துப்பாக்கிகளைப் பதுங்குகுழிகளில் வைத்துவிட்டு வந்ததாம். இரண்டு தகர டப்பா, தண்ணீர், கயிறு, அவ்வளவுதான் என்கிறாள். அட்டையில் துப்பாக்கி செய்துவிட்டோம். விசையை இழுப்பது எது?

பழைய ஆய்வக உதவியாளர்:
தண்ணீரின் எடைதான் அம்மா. மேல் டப்பாவின் அடியில் சிறு துளை. கீழ் டப்பாவைக் கயிறு கட்டி விசையோடு இணைத்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாக நிரம்பி, போதிய கனம் சேர்ந்ததும் விசை இழுபடும். அதற்குள் வைத்தவர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்; குழியில் இன்னும் ஆள் இருப்பதாக எதிரி நினைப்பான். துளையின் அளவுதான் கடிகாரம். இதைச் செய்த லான்ஸ் கார்ப்பரல் வில்லியம் ஸ்கரி உங்கள் ஊர்க்காரர்தான், மெல்பர்ன். ஆணி வேண்டாம், தையல் ஊசியால் குத்துங்கள்.

வரலாற்று வாசகன்:
துப்பாக்கி ஒன்றே எல்லோரையும் காப்பாற்றியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பள்ளிக் கட்டுரைகளில் அதுதான் வழக்கமாக வருகிறது. நவம்பர் 24 மாலையிலிருந்து மூன்று நாள், தாக்கினாலொழியச் சுடுவதில்லை என்று வாய்மூடிக் கிடந்தார்கள். எதிரே இருந்த துருக்கியருக்கு அந்த அமைதி பழகிப்போகட்டும் என்பதுதான் கணக்கு. டிசம்பர் 17-இல் ஷெல் கிரீன் திடலில் கிரிக்கெட் ஆடிக் காட்டினார்கள், ஊரில் எதுவும் நடக்காததுபோல! தலைக்கு மேல் குண்டுகள் பறந்தன. கடைசி இரவு காலடிச் சத்தம் கேட்காமலிருக்கப் பூட்ஸ்களில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். 20-ஆம் தேதி விடிவதற்குள் கரை காலி. ஆன்சாக், சுவ்லா என்ற இரண்டு கரைப்பகுதிகளிலுமாக 80,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். சேதம் மிகச் சொற்பம். எட்டு மாதத்தில் 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களைப் பலிகொண்ட மண் அது. கிளம்பும் முன் நண்பர்களின் கல்லறைகளைச் செப்பனிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. இடம் இருந்தால் அதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மெல்பர்ன் அம்மா:
இருவருக்கும் நன்றி. கல்லறை விஷயத்தைச் சொன்னதும் மகள் அட்டையில் நான்கு சிலுவைகள் வெட்டிவிட்டாள். ஆனால் துப்பாக்கி அசையவே இல்லை. பால் பவுடர் டப்பா விளிம்புவரை நிரம்பியும் கயிறு இழுக்கவில்லை.

பழைய ஆய்வக உதவியாளர்:
கீழ் டப்பாவில் முதலிலேயே கூழாங்கல் போடுங்கள். இன்னும் இரண்டு ஸ்பூன் கனம் சேர்ந்தால் விசை இழுபடும் என்ற நிலையில் நிறுத்திவிட்டு, மீதியைத் தண்ணீருக்கு விடுங்கள்.

மெல்பர்ன் அம்மா:
நான்கு நிமிடத்தில் இழுத்தது! கயிறும் அறுந்தது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.